ஏழு எழுத்து, ஓர் அசை

நாளிதழின் ஒரே பக்கத்தில் இந்த மூன்றும் கண்ணில் படக்கூடும். ஆயுள் கைதி பரோலில் வெளியே வந்தார். பார்லிமென்ட் கூட்டத்தொடர் ஒத்திவைக்கப்பட்டது. கீழே மூலையில் ஒரு பியூட்டி பார்லர் விளம்பரம். மூன்று சொல்லும் ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தவை. மூன்றும் பிரெஞ்சில் ஒரே குடும்பம். பேசுதல் என்று பொருள்படும் ‘பர்லே’ என்ற வினையின் குடும்பம் அது. திரும்பி வருவேன் என்று கைதி கொடுக்கும் வாக்கு ‘பரோல்’. கூடிப் பேசும் அவை ‘பர்லமான்’. கன்னியர் மடத்தில் வெளியாரைச் சந்தித்துப் பேச ஒதுக்கிய அறை ‘பர்லுவார்’. அதன் நார்மன் வடிவம் இங்கிலாந்துக்குப் போய் வரவேற்பறையாகி, பிறகு அழகு நிலையமாகவும் ஆயிற்று.

ஒரே குடும்பம் என்றாலும் முகச்சாயலில் ஒரு வேறுபாடு. பரோலில் மட்டும் நடுவே ஓர் ஓகாரம் நிற்கிறது. மற்ற இரண்டிலும் ரகரமும் லகரமும் ஒட்டிக்கொண்டுவிட்டன. அந்த ஓகாரம் எங்கே போயிற்று என்று தேடினால், ‘அவர்கள் பேசுகிறார்கள்’ என்பதற்கான பிரெஞ்சு வினைமுற்றில் போய் முட்டுவோம். ரோமன் எழுத்தில் அது ஏழு: பி, ஏ, ஆர், எல், ஈ, என், டி. வாயில் ‘பர்ல்’ மட்டும். கடைசி மூன்று எழுத்துக்கும் ஒலி கிடையாது. பிரெஞ்சு படிக்கத் தொடங்குகிறவர்கள் முதல் மாதத்திலேயே இடித்துக்கொள்ளும் நிலைப்படி இது. வினையின் இறுதியில் ஈ-என்-டி வந்தால் ஒலிக்காதே என்று பாடநூல் சொல்லும். அது ஏன் அங்கே வந்தது, எத்தனை அசையாக அந்தச் சொல்லை எண்ணுவது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது.

ஒரு குறிப்பு. இங்கே பிரெஞ்சு ஒலிகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். பாரிஸ் வழக்கின் ரகரம் நாநுனியில் பிறப்பதன்று, உள்நாக்கருகே உரசிப் பிறப்பது. ‘பர்லோன்’ போன்றவற்றின் இறுதி ‘ன்’ தனி மெய்யன்று, உயிரோடு சேர்ந்து மூக்கில் ஒலிக்கும் சாயல். இவ்வளவு தெரிந்தால் போதும்.

கிரேக்கத்தில் ‘பரபொலே’ என்றால் பக்கத்தில் வைத்தல், அதாவது ஒப்பிடுதல். நற்செய்தி நூல்களில் இயேசு சொன்ன உவமைக் கதைகளுக்கு அந்தப் பெயர். லத்தீன் அதைப் ‘பரபொலா’ என்று எடுத்துக்கொண்டது. பிரசங்கம் கேட்ட மக்களிடம் அது உவமைக் கதையிலிருந்து வாக்காகவும், வாக்கிலிருந்து வெறும் சொல்லாகவும் தேய்ந்து, ‘பரபொலாரே’ என்று பேச்சுக்கான வினையாகவே ஆகிவிட்டது. பேசுதலுக்குச் செவ்வியல் லத்தீனில் இருந்த ‘லொக்வி’ வழக்கொழிந்தது. பிரெஞ்சும் இத்தாலியனும் கத்தலானும் பரபொலாரேயைப் பிடித்துக்கொள்ள, ஸ்பானியமும் போர்ச்சுகீசியமும் கதையளத்தலைக் குறித்த ‘ஃபாபுலாரி’யைப் பேசுதலாக்கிக்கொண்டன. ஒரு பக்கம் உவமைக் கதை, மறுபக்கம் கட்டுக் கதை. பேச்சின் தன்மை தெரிந்தவர்கள்தாம்.

இப்போது ஓகாரத்துக்கு வருவோம். லத்தீனில் சொல்லழுத்தம் எங்கே விழும் என்பதற்கு எளிய விதி உண்டு. ஈற்றயல் அசை நெடிலாகவோ மெய்யால் மூடப்பட்டதாகவோ இருந்தால் அழுத்தம் அதன்மேல். குறிலாக நின்றால் அதற்கு முந்தைய அசையின்மேல். ‘அவர்கள் பேசுகிறார்கள்’ என்பது ப-ர-பொ-லந்த். ஈற்றயலான ‘பொ’ குறில்; எனவே அழுத்தம் ‘ர’வில். ‘நாம் பேசுகிறோம்’ என்பது ப-ர-பொ-லா-முஸ். ஈற்றயலான ‘லா’ நெடில், அழுத்தம் அதிலேயே. இந்தச் சிறு இடப்பெயர்ச்சிதான் எல்லாவற்றுக்கும் காரணம். உயிர்களுக்கு இடையில் நின்ற பகரம் இளகி வகரமாகி, பிறகு உகரமாகி, முன்நின்ற அகரத்தோடு சேர்ந்து ‘அவ்’ ஆயிற்று. அழுத்தம் பெற்ற இடத்தில் அந்த ‘அவ்’ பிழைத்து ஓகாரமானது. அழுத்தம் இல்லாத இடத்தில், சொல்லின் நடுவே கேட்பாரற்று நின்ற அது உதிர்ந்துபோயிற்று. ஆகவே பழம் பிரெஞ்சில் ‘நான் பேசுகிறேன்’, ‘அவன் பேசுகிறான்’, ‘அவர்கள் பேசுகிறார்கள்’ மூன்றுக்கும் பகுதி ‘பரோல்’. ‘நாம்’, ‘நீங்கள்’ இரண்டுக்கும் பகுதி ‘பர்ல்’. ஒரே வினை, ஒரே காலம், இரண்டு பகுதிகள். அவர்கள் ‘பரோலென்த்’, நாம் ‘பர்லோன்ஸ்’.

பகுதி என்பது மாறாமல் நிற்பது என்றே நாம் படித்திருக்கிறோம். ‘வா’ வருகிறானிலும் வந்தானிலும் வடிவம் மாறுவதை விகாரம் என்று தனியே குறித்துக்கொள்வோம். பழம் பிரெஞ்சில் விகாரமே விதியாக இருந்தது. ஆள் மாறினால் பகுதியும் மாறும். இடைக்காலத்தின் பிற்பகுதியில் பேசுகிறவர்கள் இந்தச் சுமையை மெல்ல இறக்கினார்கள். பேசுதலில் அழுத்தமற்ற ‘பர்ல்’ வென்றது. ‘பரோல்’ வினையிலிருந்து வெளியேறினாலும், பெயர்ச்சொல்லில் ஏற்கெனவே இடம் இருந்ததால் அங்கே தங்கிக்கொண்டது. காதலித்தலில் நேர்மாறு: அழுத்தம் பெற்ற ‘எம்’ வென்று, ‘நாம்’ வடிவில் இருந்த ‘அம்’ போயிற்று. எந்தப் பக்கம் வெல்லும் என்பதற்கு ஒழுங்கான சூத்திரம் எனக்குத் தெரிந்து கிடையாது. கண்டுபிடித்தல் என்னும் வினையில் பழைய ‘த்ரோவ்’ வடிவம் சாகாமல் இழுத்துக்கொண்டிருந்தது. 1666இல் மோலியேர் தம் ‘மனித வெறுப்பாளன்’ நாடகத்தில், கைம்பெண்ணைக் குறிக்கும் ‘வோவ்’ என்ற சொல்லுக்கு இயைபாக அதைப் போட்டார். வருதல், சாதல், இயலுதல், குடித்தல் போன்ற வினைகளில் இரட்டைப் பகுதி இன்றும் அப்படியே. மாணவர்கள் அவற்றை ஒழுங்கற்ற வினைகள் என்று சபித்துக்கொண்டே மனப்பாடம் செய்கிறார்கள். அவைதாம் பழைய ஒழுங்கைக் காத்தவை.

பகுதியின் கதை இது. விகுதியின் கதை இதைவிடப் பழையது. லத்தீன் ‘பரபொலந்த்’தில் பன்மையைக் காட்டுவது இறுதியில் நிற்கும் ‘ந்த்’. இது லத்தீனுக்கு மட்டும் உரியதன்று. இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் பொதுச் சொத்து. நம் வீட்டிலும் அதன் சாயல் ஒன்று கிடக்கிறது. சமஸ்கிருதத்தில் ‘வத்’ என்றால் பேசு. ‘வததி’ அவன் பேசுகிறான். ‘வதந்தி’ அவர்கள் பேசுகிறார்கள். அந்த அடியில் எழுந்த ‘கிம்வதந்தி’ தமிழில் தலையைக் களைந்து வெறும் வதந்தியாயிற்று. ஊரார் பேசிக்கொள்வது. பாரிஸ்காரர் எழுதி உச்சரிக்காமல் விடும் ‘என்-டி’யும், நாம் காதோடு காதாகச் சொல்லும் வதந்தியின் ‘ந்தி’யும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரே வாயில் இருந்தவை.

அந்த விகுதி பிரெஞ்சில் எப்படி ஓய்ந்தது? முதலில் தளர்ந்தது அதற்கு முன்னிருந்த அகரம். லத்தீன் சொல்லிறுதி உயிர்களில் பெரும்பாலானவை பிரெஞ்சில் அழிந்தே போயின. அகரம் மட்டும் தேய்ந்து, எந்த உயிர் என்று தெரியாத ஒரு முனகலாக நின்றது. அதை எழுத அப்போது எழுத்தே இல்லை. 842இல் ஸ்ட்ராஸ்பூர்கில் சார்லஸ் மன்னனும் அவன் அண்ணன் ஜெர்மானிய லூயியும் ஒருவருக்கொருவர் துணைநிற்பதாக எடுத்த உறுதிமொழிதான் பிரெஞ்சின் முன்வடிவில் நமக்குக் கிடைத்த முதல் பதிவு. அதில் சகோதரன் என்ற சொல் ஓரிடத்தில் எகரத்திலும் மற்றோரிடத்தில் அகரத்திலும் முடிகிறது. சார்லஸின் பெயர் ஒருமுறை ‘கார்லொ’, ஒருமுறை ‘கார்லெ’. எழுதியவர் தடுமாறவில்லை, காதில் விழுந்த முனகலுக்கு ஏற்ற எழுத்தைத் தேடியிருக்கிறார். பிற்காலத்தில் ஈ என்ற எழுத்தே அந்த முனகலுக்கு என்று நிலைத்தது.

பிறகு நகரம் போயிற்று. அடுத்து, பின்னால் உயிர் வராத இடங்களில் தகரமும் போயிற்று. கடைசியில் முனகலும் வட பிரான்சின் பேச்சிலிருந்து மெல்ல விடைபெற்றது. ‘பரோலென்த்’ என்ற மூன்றசை, பகுதி மாறியதால் இரண்டாகி, முனகல் போனதால் ஒன்றாயிற்று. எல்லாரும் இந்த மௌனத்துக்கு உடன்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கனடாவின் அக்காதியர், அழுத்தத்தை விகுதிக்கு மாற்றிய மேற்குப் பிரெஞ்சு வட்டார வழக்கைக் கடல்தாண்டிக் கொண்டுபோனவர்கள். அவர்கள் பேச்சில் ‘இல் பர்லோன்’ என்று பன்மை இன்றும் வாய்விட்டு ஒலிக்கிறது. பாரிஸ் அதை நாட்டுப்புறக் கொச்சை என்று சிரிக்கும். ஒருமைக்கும் பன்மைக்கும் வேறுபாடு காட்டத் தெரிந்தது யார் என்று பார்த்தால் சிரிப்பு இடம் மாறவேண்டும்.

சரி, இதை அசை பிரிப்பது எப்படி? விடை, யார் எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

பள்ளிப் பிள்ளை இரண்டு என்பான். இரண்டு உயிர்களுக்கு நடுவே இரண்டு மெய் வந்தால் முதல் மெய் முன் அசைக்கு, இரண்டாவது பின் அசைக்கு என்பது எழுத்துவழி விதி. எனவே பி-ஏ-ஆர் ஒரு துண்டு, எல்-ஈ-என்-டி மறு துண்டு. சொல்லின் உள்ளமைப்போ வேறிடத்தில் வெட்டுகிறது: பகுதி ‘பர்ல்’, விகுதி ஈ-என்-டி. லகரம் பகுதிக்குச் சொந்தம், அசையிலோ விகுதியோடு போய்ச் சேர்கிறது. இது நமக்குப் புதிதன்று. ‘பேசுகிறார்கள்’ என்பதை உறுப்பிலக்கணப்படி பிரித்தால் பேசு, கிறு, ஆர், கள். வாயில் வருவதோ பே, சு, கி, றார், கள். ‘கிறு’வின் றகரம் உகரத்தைத் தொலைத்துவிட்டு ஆகாரத்தின்மேல் ஏறிக்கொள்கிறது. சொல்லின் மூட்டும் ஒலியின் மூட்டும் ஓரிடத்தில் இருக்கவேண்டும் என்று எந்த மொழியும் உறுதி தரவில்லை.

அச்சுக்கோப்பவருக்கு வேறு கவலை. வரியின் முடிவில் சொல்லை இரண்டாக வெட்டினால், அடுத்த வரி ஒலியே இல்லாத துண்டோடு தொடங்கும். அது அழகில்லை என்று நல்ல அச்சகங்கள் தவிர்க்கும். கணினி அச்சுக்கோப்பான டெக்கின் பிரெஞ்சு வெட்டு விதிகளும் இதை அறிந்தவை. ஈ-என்-டி ஈற்றுக்கு முன் வெட்டாதே என்று பொதுத்தடை போட்டுவிட்டு, அந்த ஈறு உண்மையில் ஒலிக்கும் கண்டம், மேன்மை போன்றவற்றைக் குறிக்கும் சொற்களை விலக்காகச் சேர்த்து வைத்திருக்கின்றன. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதைக் காதால் பிரித்து எந்திரத்துக்குச் சொல்லித்தர வேறு வழி இல்லை.

பாரிஸில் பேசுகிறவருக்கு அது ஒன்றுதான். ர், ல் என்று இரண்டு மெய் இறுதியில் அடுக்கி நிற்பதில் சிக்கல் இல்லை. ஒலிப்பு சீராக அடங்கிக்கொண்டு போகிறது. மார்சேயிலோ தூலூஸிலோ கேட்டால் ‘பர்-ல’ என்று இரண்டாகவே ஒலிக்கும். தெற்கத்தியார் அந்த முனகலைக் கைவிடவில்லை. வடக்கிலும் அது முற்றாகச் செத்துவிட்டதாகச் சொல்லமுடியாது. எதிர்காலத்தில் ‘அவர்கள் காதலிப்பார்கள்’ என்பது எம்-ரோன் என்று இரண்டசையாகச் சுருங்குகிறது. ‘அவர்கள் பேசுவார்கள்’ என்பது சுருங்காமல் பர்-ல-ரோன் என மூன்றாகவே நிற்கிறது. ஒரே விகுதி, ஒரே காலம். வேறுபாடு மெய்களின் நெரிசலில் இருக்கிறது: முனகலை எடுத்தால் முதலாவதில் ம், ர் என்று இரண்டு மெய்தான் சேரும், இரண்டாவதில் ர், ல், ர் என்று மூன்று முட்டும். முனகல் நீங்கி மூன்று மெய் உடன்நிற்க நேர்ந்தால் அது நீங்காது என்று மொரிஸ் கிராமோன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விதி வகுத்தார். பிற்கால ஆய்வாளர்கள் அதில் பல ஓட்டைகளைக் காட்டினாலும், இந்த வினைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

கவிஞரின் கணக்குத்தான் சுவையானது. செவ்வியல் பிரெஞ்சு யாப்பில் அலெக்சாந்திரன் அடிக்குப் பன்னிரண்டு அசை. நம் வினை அடியின் நடுவில் வந்து, அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால் அதற்கு இரண்டு அசை. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால், ஒருமை வடிவத்தின் முனகல் அந்த உயிரில் கரைந்துவிடும். பன்மையின் முனகலை என்-டி காத்து நிற்கும், தகரம் ஒலித்து அடுத்த உயிரைத் தாங்கும். பேச்சில் பிரித்தறிய முடியாத ஒருமையும் பன்மையும் செய்யுளில் அசை எண்ணிக்கையாலேயே பிரிந்துவிடுகின்றன. அடியின் இறுதியில் வந்தாலோ முனகல் கணக்கில் சேராது. பன்னிரண்டு முடிந்தபின் அது பதின்மூன்றாவதாக ஒட்டிக்கொண்டு வரும். அத்தகைய இயைபைப் பெண்பால் இயைபு என்பார்கள். வெண்பாவின் ஈற்றுச்சீர் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. நாள், மலர் என்பவற்றோடு காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளும் அங்கே நிற்கின்றன. இறுதியில் ஏறிய குற்றியலுகரத்தைத் தனி அசையாக எண்ணுவதில்லை. அரை மாத்திரையாய்க் குறுகுவது, உயிர் வந்தால் ஓடுவது, செய்யுளின் ஈற்றில் கணக்குக்கு வெளியே நிற்பது என்று நம் குற்றியலுகரத்துக்கும் பிரெஞ்சு முனகலுக்கும் நிறைய ஒற்றுமை. உறவு எதுவுமில்லை, தேய்கிற உயிர்கள் எங்கும் ஏறக்குறைய ஒரே வழியில் தேய்கின்றன என்பதுதான்.

பாடுகிறவர்கள் கவிஞரைப் பின்பற்றுகிறார்கள். ‘ஃப்ரேர் ஜாக்’ என்ற பாட்டு நம் மழலையர் பள்ளிகள்வரை வந்துவிட்டது. பேச்சில் இரண்டே அசையான அந்தப் பெயர், மெட்டில் நான்கு சுரங்களுக்கு நீள்கிறது.

எழுத்து மட்டும் ஏன் அசையவில்லை? 16ஆம் நூற்றாண்டிலேயே லூயி மெக்ரே ஒலிப்படி எழுதுவோம் என்று 1550இல் ஓர் இலக்கணமே அச்சிட்டுப் பார்த்தார், எடுபடவில்லை. 1673இல் அகாதெமிக்காகத் தயாரான எழுத்துமுறைக் குறிப்பில் மெசரே, கற்றவரைக் கல்லாதவரிடமிருந்தும் சாதாரணப் பெண்களிடமிருந்தும் பிரித்துக்காட்டும் பழைய முறையே நல்லது என்ற கருத்தை ஒளிவுமறைவின்றிப் பதிந்தார். நோக்கம் மோசமானது. ஆனால் விளைவில் ஒரு பயன் இருக்கிறது: படிப்பவர் கண்ணுக்குப் பன்மை தப்புவதில்லை. 1990இன் எழுத்துத் திருத்தங்களும் இந்த ஈற்றைத் தொடவில்லை.

அதே ஈறு பெயர்ச்சொல்லிலும் பெயரடையிலும் முழுதாக ஒலிக்கும் என்பதுதான் கொடுமை. நம் ஊர் கான்வென்ட்டின் பிரெஞ்சு உறவு ‘கூவான்’, கன்னியர் மடம். அதே ஏழு எழுத்துகள் வினையானால் ‘கூவ்’, அடைகாக்கின்றன. மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன என்று எழுதினால் ஒரே எழுத்துக்கூட்டு அடுத்தடுத்து இருமுறை வரும். முதல் முறை ‘கூவான்’, இரண்டாம் முறை ‘கூவ்’. எழுத்தைப் படித்துக்காட்டும் கணினிகளைச் சோதிக்க இந்த வாக்கியம் நல்ல பொறி. எது பெயர், எது வினை என்று முதலில் இலக்கணம் பிரித்தால்தான் எத்தனை அசை என்றே தெரியவரும். உச்சரிப்பு முதலில், இலக்கணம் பிறகு என்ற நம் எண்ணம் அங்கே தலைகீழாகிறது.

காது மட்டும் உள்ளவர் பன்மையை எப்படி அறிவார்? ‘இல் பர்ல்’ என்றால் அவன் பேசுகிறான், அவர்கள் பேசுகிறார்கள் இரண்டும் அதுவே, சூழல்தான் துணை. வினை உயிரில் தொடங்கினால் நிலைமை மாறுகிறது. அவன் காதலிக்கிறான், ‘இலெம்’. அவர்கள் காதலிக்கிறார்கள், ‘இல்ஸெம்’. அந்த ஸகரம் வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிர்ந்து ஒலிப்பது. அது ‘அவர்கள்’ என்ற சொல்லின் இறுதி மெய். தனியே நின்றால் ஒலிக்காது, உயிரைக் கண்டால் எழுந்து அதனோடு கூடி அசையாகும். மெய்யின்மேல் உயிர் வந்து ஏறும் புணர்ச்சியைப் படித்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கவனிக்கவேண்டியது இடமாற்றத்தை. சொல்லின் வாலில் இருந்த பன்மை, பேச்சில் தலைக்கு வந்துவிட்டது. தமிழில் ‘-ஆர்கள்’ செய்யும் வேலையைப் பேச்சுப் பிரெஞ்சில் ஒரு முன்னொட்டுச் செய்கிறது.

வாலில் எஞ்சிய தகரமும் முழுதாகச் சாகவில்லை. கேள்வியாக்க வினையை முன்னும் ‘அவர்கள்’ என்பதைப் பின்னும் வைத்தால் ‘பர்ல-தில்?’ என்று அது எழுந்து நிற்கும். இது நியாயமான தகரம், லத்தீனிலிருந்து வந்த சொத்து. ஒருமையில் அப்படி ஒரு தகரம் எழுத்திலும் இல்லை, பழம் பிரெஞ்சிலேயே போய்விட்டது. ஆனாலும் பன்மையிலும், ‘வருகிறானா’, ‘சொல்கிறானா’ போன்ற பிற வினைகளின் கேள்விகளிலும் தகரத்தைக் கேட்டுப் பழகிய வாய் இதிலும் அதைச் செருகிக்கொண்டது. எழுத்து நெடுநாள் அதைக் கண்டுகொள்ளவில்லை. பிறகு இரண்டு சிறுகோடுகளுக்கு நடுவே ஒரு டி-யைப் போட்டு ஒப்புக்கொண்டது.

கதை அங்கும் நிற்கவில்லை. ‘தில்’ மக்கள் பேச்சில் லகரத்தை உதிர்த்து ‘தி’ ஆயிற்று. ‘அவன்’ என்ற பொருளையும் உதிர்த்து, எந்த ஆளோடும் ஒட்டும் வெறும் வினா எழுத்தாயிற்று, நம் ‘ஆ’வைப்போல. 1877இல் கஸ்தோன் பரி ‘ரொமானியா’ இதழில் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். கியூபெக்கில் அந்தத் ‘தி’, ‘நீ’யைக் குறிக்கும் ‘த்யு’வின் சாயலேறி இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘த்யு பர்ல்-த்யு?’ என்று ஒருவர் கேட்டால் முதலில் வரும் ‘த்யு’ நீ. பின்னால் வருவது நீயன்று, ‘பேசுகிறாயா’வின் ஆகாரம்.